புதிய ஆற்றுப்படை: மலாக்கா நகரும் வழிப்போக்கர் உரிமையும்

முன்னுரை

பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனைத் தான் சென்ற வழியே செல்லுமாறு நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் இவ்வகையைச் சார்ந்தன. வள்ளலின் புகழைப் பாடுவதே அவற்றின் நோக்கம் எனினும், வழியின் இயல்பும் இடையில் கிட்டும் உணவும் தங்குமிடமும் அவற்றில் விரிவாகக் கூறப்படுகின்றன. மலைபடுகடாம் வழியில் நேரக்கூடிய இடர்களையும் முன்னரே சொல்லி எச்சரிக்கின்றது.

இஸ்லாமும் வழிப்போக்கருக்குத் தனியிடம் அளித்துள்ளது. திருக்குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் 60-ஆம் வசனம் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் சேர்த்துரைக்கின்றது. வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதும், பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவதும் தருமமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே, ஊருக்குப் புதியவரை அவர் நாடிய இடத்திற் சேர்ப்பது இரக்கத்தால் செய்யும் உதவி மட்டுமன்று, அவருக்குரிய உரிமையுமாகும். இக்கருத்தை மலாக்கா என்னும் பழம்பெரும் துறைமுக நகரின் போக்குவரத்தைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யானை அனுப்பிய அதிகாரி

மலாக்கா அரசு கி.பி. 1400-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோன்றியது. 1511-இல் போர்த்துக்கீசியரும் 1641-இல் டச்சுக்காரரும் அந்நகரைக் கைப்பற்றினர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 2008-இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

1512 முதல் சில ஆண்டுகள் அங்கு வாழ்ந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துக்கீசியர், சுல்தான்கள் காலத்து ஆட்சிமுறை குறித்து எழுதி வைத்துள்ளார். வந்திறங்கும் வணிகர்களுக்காக 'ஷாபந்தர்' என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குசராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையினர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசை நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர். கப்பல் தலைவரை வரவேற்று அமைச்சரிடம் அழைத்துச் செல்வதும், பண்டகசாலையும் தங்குமிடமும் ஒதுக்குவதும் இவர்தம் கடமைகள். சரக்கைக் கொண்டு செல்ல யானைகளை அனுப்ப ஆணையிடுவதும் அவர்களுடைய பணியே.

இச்செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. கரையில் இறங்கிய தமிழ் வணிகர் யாரிடம் செல்வது, எதில் செல்வது என்று திகைத்து நிற்க வேண்டியதில்லை. அவர் பேசும் மொழியும் அவர் நாட்டு வழக்கமும் அறிந்த ஒருவர் அவருக்குப் பொறுப்பாய் இருந்தார். மலாக்கா உலகச் சந்தையாக உயர்ந்தமைக்கு அதன் நீரிணையும் பருவக்காற்றும் மட்டுமன்றி, இவ்வரவேற்பும் ஒரு காரணம் எனல் பொருந்தும்.

நகரை அடையும் வழிகள்

இன்று பயணியர் பெரும்பாலும் சாலை வழியே வருகின்றனர். கோலாலம்பூரின் தென்புற ஒருங்கிணைந்த பேருந்து முனையத்திலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவை இரண்டு மணி நேரத்தில் கடக்கலாம். அப்பேருந்துகள் வந்து நிற்கும் இடம் 'மலாக்கா சென்ட்ரல்' முனையம். அது பழைய நகரிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. தள்ளி உள்ளது. வந்து சேர்ந்தாயிற்று என்று எண்ணும் பயணிக்கு உண்மையான சோதனை இங்குதான் தொடங்குகின்றது. நகரப் பேருந்து கட்டணம் குறைந்தது. ஆயினும் காத்திருக்க வேண்டும். எங்கே ஏறுவது என்பதை முனையத்திலேயே கேட்டறிதல் நன்று. முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் கைப்பேசிச் செயலி வழி அழைக்கும் வாடகைக் கார் ஏற்றது. அதில் கட்டணம் முன்னரே தெரிந்துவிடுவதால் வாக்குவாதத்திற்கு இடமில்லை.

இரயில் பாதை மலாக்கா நகருக்குள் இன்று இல்லை. நகருக்கு வடக்கே 30 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவிலுள்ள புலாவ் செபாங்–தம்பின் நிலையத்தில் இறங்கிச் சாலை வழியே வரவேண்டும். ஆயின், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்பினிலிருந்து மலாக்கா வரை ஒரு கிளைப்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். அப்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் நோயாலும் பசியாலும் மாண்டனர். இன்று தம்பினில் இறங்கி வாகனம் தேடும் தமிழ்ப் பயணி, தம் மக்களின் துயர வரலாறு ஒன்றைத் தொட்டே செல்கின்றார் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

நகருக்குள் நான்கு வழிகள்

முதலாவது நடை. டச்சுச் சதுக்கத்தில் செந்நிற ஸ்டாட்ஹய்ஸ் மாளிகையும் 1753-இல் எழுந்த கிறித்தவ ஆலயமும் நிற்கின்றன. அங்கிருந்து பாலம் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் பழைய வணிகத் தெருக்களை அடையலாம். அங்கே, ஒரே தெருத்தொடரில் கம்போங் கெலிங் பள்ளிவாசலும், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலும், செங் ஹூன் தெங் என்னும் சீனக் கோயிலும் அமைந்துள்ளன. 1748-இல் மரத்தால் எழுப்பப்பட்டு, 1872-இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது அப்பள்ளிவாசல். அதன் மூன்றடுக்குக் கூரையும் சீனக் கோபுரம் போன்ற மினாராவும் காணத்தக்கவை. 'கெலிங்' என்னும் பெயர் அங்கு வாழ்ந்த தென்னிந்திய வணிகரைச் சுட்டுவது. பேருந்தின் சன்னல் வழியே இவற்றைக் காண இயலாது. தெருக்கள் அத்துணைக் குறுகியவை.

நடப்போர்க்கு இரு இடர்கள் உண்டு. நண்பகல் வெயிலும் திடீர் மழையும் ஒன்று. கடைகளின் முன்னுள்ள 'அஞ்சடி' எனப்படும் நிழல்நடை, கடைக்குக் கடை உயர்ந்தும் தாழ்ந்தும் இருப்பது மற்றொன்று. முழங்கால் வலியுள்ள முதியவருக்கு அப்படிகள் பெருந்தடை. வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஜோங்கர் தெரு இரவுச் சந்தையாக மாறி வாகனங்களுக்கு மூடப்படுகின்றது.

இரண்டாவது, 'பெச்சா' எனப்படும் மூன்று சக்கர மிதிவண்டி. மலாக்காவில் இருக்கை ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் அமைந்திருக்கும். பினாங்கில் முன்புறம் இருக்கும். முற்காலத்தில் சந்தைக்கும் பள்ளிக்கும் மக்களைச் சுமந்த இவ்வண்டி, இன்று பூக்களும் பொம்மைகளும் இசையொலியும் சூழ்ந்து வருகின்றது. இதனைக் கேளிக்கை என ஒதுக்குதல் தகாது. நடக்க இயலாதவரைத் தெருவின் உள்ளே கொண்டு சேர்ப்பது இதுவே. கட்டணத்தையும் நேரத்தையும் ஏறுமுன் பேசி முடித்தல் இருவருக்கும் மதிப்பு.

மூன்றாவது படகு. மலாக்கா ஆற்றில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் செல்லும் படகுப் பயணம், மரவீடுகள் நிறைந்த கம்போங் மோர்த்தனைக் காட்டுகின்றது. நான்காவது வாடகைக் கார். கடலைத் தூர்த்த நிலத்தில் 2006-இல் திறக்கப்பட்ட நீரிணைப் பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரத்திற்குள் சென்றடைய இதுவே வசதி.

வெற்றியும் தோல்வியும்

2010 அக்டோபரில் ஆற்றங்கரையோரம் 1.6 கி.மீ. நீளத்திற்கு ஒற்றைத் தண்டவாள இரயில் தொடங்கப்பட்டது. தொடங்கிய மறுநாளே அது பழுதாகி நின்றது. 2017-இல் மீண்டும் இயக்கப்பட்ட பின்னரும் அது நிலையான பயனளிக்கவில்லை. நூறடி நடந்தால் அடுத்த தெரு என்னும் அளவிலான ஊருக்கு வேகம் தேவையன்று. மூட்டு வலியுள்ள தாய், கைக்குழந்தையுடன் வருபவர், மொழி தெரியாத முதியவர் ஆகியோரைக் கடைசி நூறடி கடத்தும் ஏற்பாடே தேவை. மிதிவண்டியும் படகும் நெடுங்காலம் நிலைத்தமைக்கு, அவை ஊரின் அளவறிந்து அமைந்தமையே காரணம் எனலாம்.

முடிவுரை

ஷாபந்தர் பதவி மறைந்து நெடுங்காலமாயிற்று. யானைகளின் இடத்திற்குக் கார்கள் வந்துவிட்டன. ஆனால், வந்திறங்கியவருக்குப் பொறுப்பாய் நிற்கும் மனிதரின் இடத்தை எந்தச் செயலியும் முழுமையாக நிரப்பவில்லை.

இது மலாக்காவுக்கு மட்டும் உரிய குறையன்று. நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் ஊர்களுக்கும் வெளியூரார் நாள்தோறும் வருகின்றனர். எந்தப் பேருந்து, எவ்வளவு கட்டணம், எங்கே ஒளூச் செய்ய இடம், பெண்கள் தொழ வசதி உண்டா, முதியவர் ஏறவேண்டிய படிகள் எத்தனை என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் பேருந்து நிலையத்திலும் பள்ளிவாசல் வாயிலிலும் ஒட்டி வைக்கலாம். தமிழ்த்துறை மாணவர்கள் தத்தம் ஊருக்கு இவ்வாறு ஒரு பக்க ஆற்றுப்படை எழுதுவார்களாயின், அது தேர்வுக்குப் படித்த இலக்கியத்தை வாழ்வில் நடத்திக்காட்டியதாகும். ஊர்ப் பெரியோர் அதற்குத் துணை நிற்பார்களாயின், வழிப்போக்கருக்குரிய கடன் ஒன்று தீர்ந்ததாகும்.