ஃபைன் கட்டினா கேஸ் முடிஞ்சுதா?

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறேன். கம்பெனியில் கான்ட்ராக்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே போலீஸ் வேலைக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் எழுதுகிற பையன்கள்தான் நம்ம வாடிக்கை. பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தாண்டி சரிபார்ப்புப் படிவம் கைக்கு வரும்போது சிலருக்கு முகம் மாறிவிடும்.

"கஞ்சா அடிச்சிருக்கியான்னு கேப்பாங்களாண்ணா?"

கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதிக்கு எழுதும் படிவத்தில், கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் தொட்டதுண்டா என்றே கேள்வி இருக்கிறது. நம்ம படிவத்துக்குப் பழக்கம் முக்கியமில்லை, வழக்குதான். கைதானதுண்டா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டனை பெற்றதுண்டா, ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?

பேனா நிற்பது அபராதத்தில். "ஃபைன் கட்டிட்டேன்ணா, கேஸ் அன்னைக்கே முடிஞ்சுடுச்சு" என்பான். முடிந்தது நிஜம்தான், ஆனால் தண்டனையில் முடிந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவில் கஞ்சா புகைத்ததற்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாரோ சொல்ல, குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டியவனுக்கு இது தெரிவதில்லை. கோர்ட்டில் தலையாட்டும் முன் ஒரு வக்கீலைக் கேள் தம்பி என்பேன். இலவச சட்ட உதவி எதற்கு இருக்கிறது?

'இல்லை' என்று எழுதிவிடலாமே என்றால், அதைவிட வம்பு வேறில்லை. எஃப்.ஐ.ஆர். இப்போது கம்ப்யூட்டரில் கிடக்கிறது. வழக்கு சின்னதாக இருந்தாலும் மறைத்ததற்காகவே வேலை போனவர்கள் உண்டு. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அலசியது. அதன்படி, இளவயதுச் சில்லறைக் குற்றமென்றால் மறைத்ததைக்கூட அதிகாரி மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னவனுக்கும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. தமிழ்நாடு காவல் பணி விதி இன்னும் கறார். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனையும் வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே அது எண்ணும். எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் படிவம் என் அபிப்பிராயம் கேட்பதில்லை.

18 வயதுக்குள் நடந்ததென்றால் கதை வேறு. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பொதுவாகத் தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. வக்கீலிடம் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வழக்கு இன்னும் நடக்கிறது, பழக்கமும் விடவில்லை என்றால் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றிக் கேளுங்கள். புகைத்த வழக்கிலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கியவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சைக்குச் சேர்ந்தால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். பாதியில் ஓடினால் அந்த விலக்கு பறிபோகும். எங்கே சேர்வது என்று தெரியாவிட்டால் 14446க்கு போன் போடலாம், காசில்லை.

படிவத்துக்கு வருகிறவனிடம் நான் முதலில் கேட்பது தீர்ப்பின் சான்றிட்ட நகல். குற்ற எண், பிரிவு, தேதி எல்லாம் அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும், ஞாபகத்தில் இருந்து அல்ல. கோர்ட்டில் நகல் கையில் வர நாளாகும். அதனால் பரீட்சை ரிசல்ட் வந்த கையோடு நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.