இளம் பருவத்துச் சலரோகம்

சலரோகம் என்றவுடன் நம்மவர் நினைவில் வருவோர் நடுவயது கடந்தவரும், உடல் பருத்தவரும், இனிப்பை விரும்பி உண்பவருமே. பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு அந்நோய் வந்ததெனக் கேட்டால், "இந்த வயதிலா?" என வியப்பர், "என்னத்தைத் தின்னக் கொடுத்தீர்கள்?" எனத் தாயை வினவுவர். இவ்விரு வினாக்களும் அறியாமையின் பாற்பட்டவை. அவ்வறியாமை ஓருயிரைப் பறித்துவிடவுங் கூடும். மருத்துவம் எமது துறையன்று. எனினும், மாணாக்கரை நாடோறும் கண்முன் காண்பவர் என்னும் உரிமைபற்றி இம்மலரில் இதனை எழுதத் துணிந்தோம்.

எமது குற்றம் ஒன்றை முதலிற் கூறுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிற் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் இருந்தான். படிப்பிலும் பந்தாட்டத்திலும் முன்னிற்பவன். ஒரு தவணையின் நடுவே அவன் ஒரு பாடவேளையிலேயே இருமுறை மும்முறை வெளியே செல்ல அனுமதி கேட்கலானான். தண்ணீர்ப் போத்தலை ஓயாது நாடினான். செய்யுட் பாடத்தின்போது மேசைமேற் சாய்ந்து உறங்கினான். அளவாய் இருந்த சட்டை தோளில் தொங்கிற்று. இவற்றைச் சோம்பல் என்றும் சாட்டு என்றும் முடிவு கட்டிய யாம், ஒருநாள் அவனை வெளியே விட மறுத்து, வகுப்பின் முன்னே எழுப்பி நிறுத்தினோம். நான்காம் நாள் வாந்தியும் வயிற்றுநோவும் மேலிட, நினைவு மங்கிய நிலையில் அவன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டான். வைத்தியர் தக்க தருணத்தில் நோயை அறிந்தமையாற் பிழைத்தான். பார்வை குறைந்த மாணவனையும் செவி மந்தமான மாணவனையும் கண்டறிய ஆசிரியர் கலாசாலையிற் கற்றோம்; இதனைக் கற்றிலோம்.

இந்நோயின் இயல்பு யாது? இரைப்பையின் பின்னே சதையி என்னும் உறுப்பு உளது. அதனுள்ளே தீவுகள்போற் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களை 1869 ஆம் ஆண்டில் போல் இலாங்கர்கான் என்னும் ஜேர்மனிய மருத்துவ மாணவர் முதன்முதலாக விவரித்தார். அவர் பெயராலேயே அவை இலாங்கர்கான் சிறுதீவுகள் எனப்படுகின்றன. அவற்றிலுள்ள பீற்றாக் கலங்கள் இன்சுலின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. குருதியிற் சேர்ந்த குளுக்கோசு தசை முதலியவற்றின் கலங்களுட் புகுதற்கு இன்சுலின் வேண்டும். அஃது இன்றேல் குளுக்கோசு குருதியிலே தேங்கும். சிறுநீரகம் அதனை நீரோடு வெளியேற்றும். ஆதலிற் சிறுநீர் மிகும், தாகமும் மிகும். உண்டும் பசித்திருக்கும் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கும். ஆதலின் மெலிவும் சோர்வும் தோன்றும். கொழுப்புக் கரைவதாற் பிறக்கும் அமிலங்கள் குருதியில் மிகும்போது வாந்தியும், ஆழ்ந்த மூச்சும், மயக்கமும், ஈற்றில் மரணமும் நேரலாம்.

அப்பீற்றாக் கலங்களை அழிப்பது யார்? வெளியிலிருந்து வந்த பகையன்று. உடலின் காவற்படையே அழிக்கின்றது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களுக்கு, தன்னுடையது எது, பிறிது எது என ஆய்ந்தறியும் கடமை உண்டு. அவ்வாய்வு தவறும்போது தன் கலங்களையே அவை தாக்குகின்றன. இதனால் விளைவனவே தன்னிர்ப்பீடன நோய்கள். சிறுவர்க்கு வரும் மூட்டுவாதங்களுட் சிலவும், தைரொயிட் நோய்களுட் சிலவும் இவ்வினத்தனவே. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் சொற்கேட்டு, ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். காவலனே ஆராயாது கொன்ற அக்கொடுமை இச்சிறுவரின் உடலினுள்ளே நிகழ்கின்றது. தாகம் தோன்றுதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ முன்னரே இவ்வழிவு தொடங்கிவிடுகின்றது என்பதை இன்றைய ஆய்வாளர் கண்டுள்ளனர்.

பரம்பரை இதற்கு ஓரளவு ஏதுவாகும். ஆயினும், ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தும் மற்றவருக்கு வாராதிருத்தல் உண்டு. இந்நோய் தொற்றுவதன்று, இனிப்புண்டதால் வருவதுமன்று. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திற் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியது என்பது உண்மையே. ஆனால் நோயின் காரணத்தை ஆராயவேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தேயாம். காரணத்தை ஆராயாது பிள்ளையின் நாவையும் தாயின் கையையும் பழித்தல் அறமாகாது.

ஒரு நூற்றாண்டின் முன் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பட்டினியே மருந்தாயிற்று. அதனாற் சில காலம் உயிர் நீடித்தது, அவ்வளவே. 1921 ஆம் ஆண்டில், கனடா நாட்டு ரொறன்ரோ நகரிலே, பன்ரிங், பெஸ்ற் என்னும் இருவரும் மக்லியோட் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்திற் சதையியின் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 தை 11 ஆம் நாள், எலும்புந் தோலுமாய்க் கிடந்த லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அன்று பெரும்பயன் விளையவில்லை. கொலிப் என்பவர் அதனைத் தூய்மைசெய்தார்; 23 ஆம் நாள் மீண்டும் ஏற்றியபோது சிறுவன் தேறினான். பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். 1923 இல் பன்ரிங்குக்கும் மக்லியோட்டுக்கும் நோபெற் பரிசு கிடைத்தது. இந்நோயை முற்றாக நீக்கும் எளிய மருந்து இன்றும் இல்லை. எனினும் இன்சுலின் ஏற்றி நெடுங்காலம் நல்வாழ்வு வாழ்தல் இயல்வதே.

இனி நாம் செய்யவேண்டுவன யாவை? மிக்க தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமற்ற மெலிவு, சோர்வு என்னும் நான்கும் ஒரு பிள்ளையிடத்துக் காணப்படின், அன்றே வைத்தியரிடம் அனுப்புக. இரவிற் படுக்கை நனைக்கும் பழக்கம் நீங்கிய பிள்ளை மீண்டும் நனைத்தலும் ஓர் அறிகுறியே. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி குருதி சில கணங்களில் உண்மையைக் காட்டும். நாளைக்குப் பார்ப்போம் என்னும் சொல்லுக்கு இங்கு இடமில்லை.

நோய் அறியப்பட்ட பின், விரதம் என்றோ நாட்டு மருந்து தொடங்கினோம் என்றோ இன்சுலினை நிறுத்தலாகாது. இன்சுலின் ஏற்றும் மாணவன் உணவு தாழ்த்தாலும் மிகுதியாக ஓடியாடினாலும் குருதியிற் குளுக்கோசு குறையக்கூடும். அப்போது வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் உண்டாகும். உடனே சீனி கரைத்த நீரோ குளுக்கோசோ கொடுத்து, அவன் தேறும்வரை உடனிருத்தல் வேண்டும், தனியே அனுப்பலாகாது. நினைவிழந்தவன் வாயில் எதனையும் இடாது, வைத்தியசாலைக்கு விரைக. ஆசிரியர் அவனைப் பாடநடுவே உண்ணவும், வெளியே செல்லவும் விடுக. விளையாட்டிலிருந்து அவனை விலக்கற்க. மாணாக்கர்காள், ஊசி ஏற்றும் தோழனைக் கண்டு நகையாதீர். கூச்சத்தால் அவன் ஒரு வேளை ஊசியைத் தவிர்த்தானாயின், அக்கேடு உங்களால் வந்ததாகும். தந்தையராயும் பாட்டன்மாராயும் விளங்கும் பழைய மாணவரே, இந்நான்கு அறிகுறிகளையும் உங்கள் இல்லத்தார்க்குச் சொல்லி வையுங்கள்.

எம் மாணவன் இன்று பல்கலைக்கழகத்திற் பயில்கின்றான். இன்சுலின் ஊசி அவன் சட்டைப்பையில் உடன் செல்கின்றது. எம்மைக் காணுந்தோறும் முகமலர்ந்து வணங்குவான். நாம் நிறுத்திய அந்நாளைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. அவன் உடலின் காவல் ஆராயாது செய்த பிழையை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆராயாது யாம் செய்த பிழையோ தடுத்திருக்கக் கூடியதே. பாண்டியன் கதையை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு, அதன் பொருளை உணர்த்தியவன் அம்மாணவனே.