வீடு வாங்குமுன் அறிய வேண்டியது

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை வாங்கவோ விற்கவோ எண்ணுகிற நம்மவர்கள் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

1964-இல் இனக்கலவரங்களைக் கண்ட நாடு இது. பிற்காலத்தில் சில பேட்டைகளில் மலாய்க்காரரும் வேறு சிலவற்றில் சீனரும் திரளலாயினர். ஆகவே 1989-இல், அந்நாள் தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் இவ்விதியைக் கொண்டு வந்தார்.

இதன்படி, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் நூற்றுக்கு 15 வீடுகளுக்கும், பேட்டையில் 12 வீடுகளுக்கும் மேல் இருக்கலாகாது. 2010 வரை இவை 13, 10 என்றிருந்தன. நாம் முஸ்லிம்களாயினும், இந்தியர் என்று பதிவாகியிருந்தால் மலாய்க்காரர் கணக்கில் சேரமாட்டோம்.

நமது வரம்பு நிறைந்த புளோக்கில் நாம் இந்தியரிடமோ மற்றவரிடமோதான் வாங்கலாம். சீனரின் வரம்பான 87 நிறைந்துவிட்டால் நாம் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைந்தால் விலை இறங்கும் என்பதை வணிகர்களாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்நஷ்டம் பெரும்பாலும் சிறுபான்மையினருக்கே. இதனை உணர்ந்து, நெடுநாள் விற்க முடியாமலிருப்போரின் வீட்டைத் தகுதி பார்த்துக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழி 2022-இல் அறிவிக்கப்பட்டது.

ஆதலால் முன்பணம் கொடுக்குமுன் கழகத்தின் இணையப் பக்கத்தில் அந்தப் புளோக்கின் வரம்பைப் பாருங்கள். மாதந்தோறும் முதல் தேதியில் அக்கணக்கு மாறும்.

ஸூரத்துன்னிஸாவின் 36-ஆம் ஆயத்து, உறவினரல்லாத அண்டை வீட்டாருக்கும் உபகாரம் செய்யப் பணிக்கிறது. பல இனத்தாரை ஒரே புளோக்கில் குடியமர்த்துவது அரசாங்கத்தின் வேலை. பக்கத்து வீட்டாரின் சுகதுக்கம் விசாரிப்பது நமது கடமை.