மந்தை யாருடையது?

வேதபாடம்: 1 பேதுரு 5:1-4, மாற்கு 10:42-45, ரோமர் 16:1-7



"ஒரு பெண் சபையை நடத்தலாமா?" இந்தக் கேள்வி நம் ஜெபக்கூட்டங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் அடிக்கடி எழும்புகிறது. இந்த மாதம் அதை வேத வெளிச்சத்தில் ஆராய்வோம். போதிக்கிறதற்கு முன்பு என் தப்பிதத்தை உங்களிடம் அறிக்கைசெய்துவிடுகிறேன்.

நான் முன்பு மூப்பராயிருந்த ஒரு சிறிய சபையில் போதகர் திடீரென்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எட்டு மாதம் அவருடைய மனைவிதான் மந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பையன் குடிக்கப் பழகுகிறான், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கமிட்டி கூடின அன்று ஒரு வயதான தாயார், "பாஸ்டரம்மாவே நடத்தட்டுமேய்யா" என்றார்கள். நான் எழுந்து 1 தீமோத்தேயு 2:12-ஐ வாசித்தேன். யாரும் அதற்குமேல் பேசவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. வேதத்தை மூடி வைத்துவிட்டு எல்லாருக்கும் காபி போட எழுந்து போனார்கள்.

வெளியிலிருந்து ஒரு ஊழியரைக் கொண்டுவந்தோம். கணீரென்ற குரல், அனலான பிரசங்கம். ஒரு வருஷம் முடியுமுன்னே, காணிக்கைக் கணக்கைக் கேட்ட ஒரு தம்பியைப் பிரசங்க மேடையிலிருந்தே சபித்தார். "அபிஷேகம் பெற்றவனைத் தொட்டால் குடும்பம் தாங்காது" என்றார். மூன்று குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்து, "ஐயா, கணக்கு கேட்டது பாவமாய்யா?" என்றான். என் வாயில் பதில் இல்லை.

அன்று இரவு முழங்காலில் இருக்கும்போது ஆவியானவர் என்னை உணர்த்தினார். ஆணா பெண்ணா என்று கேட்டேனே தவிர, மேய்க்கிறவரா ஆளுகிறவரா என்று நான் கேட்கவே இல்லையே!

1. மேய்ப்பனுடைய அதிகாரம் எப்படிப்பட்டது?

புறஜாதிகளின் தலைவர்கள் ஜனங்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கக்கூடாது என்று மாற்கு 10-ல் ஆண்டவர் சீஷர்களுக்குச் சொன்னார். அதைக் கேட்டவர்களில் பேதுருவும் ஒருவர். வருஷங்கள் கழித்து மூப்பர்களுக்கு நிருபம் எழுதும்போது, அடக்கி ஆளுவதற்கு மாற்கில் வருகிற அதே கிரேக்கச் சொல்லை அவர் 1 பேதுரு 5:3-ல் எழுதுகிறார். கேட்டதை அவர் மறக்கவில்லை பாருங்கள். யோவான் 21-ல் ஆண்டவர் பேதுருவின் அன்பை மூன்று தரம் சோதித்து, ஒவ்வொரு தரமும் ஆடுகளை ஒப்புவித்தார். அப்போதும் அவை 'என் ஆடுகள்' தான். பேதுருவின் ஆடுகளாக மாறவில்லை. பவுலும் தமக்குக் கிடைத்த அதிகாரம் இடித்துப்போட அல்ல, கட்டி எழுப்பவே என்கிறார் (2 கொரிந்தியர் 10:8).

2. தொடக்கூடாது என்ற வசனம்

சங்கீதம் 105:15-ஐ அடிக்கடி கேட்கிறோம். அதற்கு முந்தின வசனங்களையும் வாசியுங்கள். சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராய்த் திரிந்த முற்பிதாக்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி தேவன் காத்ததையே அது சொல்லுகிறது. பலவீனரைப் பலவான்களிடமிருந்து காக்கிற வசனம் அது. கேள்வி கேட்கிற விசுவாசியின் வாயை அடைக்கக் கொடுத்த பூட்டு அல்ல. எபிரெயர் 13:17 நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லுகிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் தேவனுக்குக் கணக்கு ஒப்புவிக்கப் போகிறவர்கள் என்றும் அதே வசனம் சொல்லுகிறதே! தேவனுக்கு முன் கணக்கு வைக்கிறவருக்கு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்ட ஏன் பயம்?

3. பெண்களைக் குறித்து வேதம்

தெபொராள் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தாள். நியாயப்பிரமாண புஸ்தகம் கண்டெடுக்கப்பட்டபோது யோசியா ராஜா அனுப்பின ஆட்கள் உல்தாள் என்னும் தீர்க்கதரிசியானவளிடம் போனார்கள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் சேர்ந்து அப்பொல்லோவுக்கு விளக்கம் சொன்னார்கள். ரோமர் 16:1-ல் பெபேயாளுக்குப் பவுல் கொடுக்கிற 'தியாக்கொனோஸ்' என்ற சொல்லையே 1 கொரிந்தியர் 3:5-ல் தமக்கும் அப்பொல்லோவுக்கும் கொடுக்கிறார்.

அப்படியானால் 1 தீமோத்தேயு 2:12? அதைத் தள்ளிப்போட நமக்கு உரிமையில்லை. ஆனால் அதிகாரத்துக்குப் பவுல் வழக்கமாய் எழுதுகிற 'எக்ஸூசியா' என்ற சொல் அங்கே இல்லை. புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிற 'அவுதென்தெயின்' என்ற சொல் இருக்கிறது. அது சாதாரண அதிகாரமா, ஒருவரை அடக்கி மேற்கொள்ளுவதா என்று வேத பண்டிதர்களுக்குள்ளே இன்றும் கருத்துவேறுபாடு உண்டு. பெண்கள் சபையில் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்லுவதையும் 1 கொரிந்தியர் 11:5-ல் பவுலே ஒப்புக்கொண்டு எழுதுகிறார். ஒரு வசனத்தை மற்ற வசனங்களோடு சேர்த்துப் படிக்காமல் நான் அதைக் கல்லாக எடுத்து எறிந்தேன்.

4. நம் எழுப்புதலின் சரித்திரம்

1905-ல் பூனாவுக்கு அருகே கேட்காவிலுள்ள முக்தி ஆசிரமத்தில் ஆவியானவர் ஊற்றப்பட்டார். அதை நடத்தினவர் பண்டித ரமாபாய். ஜெபித்தவர்கள் ஏழைப் பெண்களும் விதவைகளும். அங்கே ஊழியம் செய்த மின்னி ஆபிரகாம்ஸ் அம்மையார் எழுதின சிறு புத்தகம் சிலி தேசத்திலிருந்த சிநேகிதியின் கைக்குப் போய், 1909-ல் அங்கே எழும்பின எழுப்புதலுக்கு ஏதுவாயிற்று.

1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்தின ஊழியத்தில் பெண்களும் மூப்பர்களாயிருந்தார்கள். 1915-ல் அவர் வெளியிட்ட சட்டப் புத்தகமோ, பெண்கள் ஊழியம் செய்யலாம், ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கவும் ஊழியரை நியமிக்கவும் கூடாது என்றது. 1922-ல் சீமோர் மரித்தபோது மிஞ்சியிருந்த சிறு கூட்டத்தை நடத்தியது யார் தெரியுமா? அவருடைய மனைவி ஜென்னி! அமெரிக்க அசெம்பிளிஸ் ஆப் காட் சபையார் 1914-ல் கூடினபோது பெண்களைச் சுவிசேஷகராகவும் மிஷனரிகளாகவும் ஏற்றார்கள். 1935-ல் மேய்ப்பர்களாகவும் ஏற்றார்கள்.

5. நாம் என்ன செய்வோம்?

பெண்களுக்குப் போதகர் பதவி கொடுக்காத சபைகள் நமக்குள் உண்டு. அவர்களும் வசனத்துக்குப் பயந்தே அப்படி நடக்கிறார்கள், அவர்களை அற்பமாய் எண்ண வேண்டாம். ஆனால் எந்தச் சபையானாலும், மேய்ப்பர் ஆணானாலும் பெண்ணானாலும், இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடாதிருங்கள்:

இவருக்கு ஆடுகளின் பெயர் தெரியுமா?
கேள்வி கேட்டால் சாந்தமாய்ப் பதில் சொல்லுவாரா?
காணிக்கைக் கணக்கு வெளிச்சத்தில் இருக்கிறதா?
பலவீனமானவர் இவரிடத்தில் பயமில்லாமல் வருவாரா?

பல மாதம் கழித்து நான் அந்த அம்மா வீட்டுக்குப் போய், "நான் பேசினது தப்பும்மா, மன்னிச்சிருங்க" என்றேன். அவர்கள், "அது கிடக்கட்டும்யா. போன மூணு குடும்பமும் எங்க இருக்காங்க, ஜெபிக்கிறாங்களா? அதச் சொல்லுங்க முதல்ல" என்றார்கள்.

அந்த மூன்று குடும்பங்களை நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்த வாரமே இருவருமாய்ப் போனோம். முதல் வீட்டில் கதவைத் திறந்த பிள்ளை, "பாஸ்டரம்மா வந்திருக்காங்க" என்று உள்ளே சத்தம் கொடுத்தது. என்னை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

ஜெபம்: பிரதான மேய்ப்பராகிய ஆண்டவரே, மந்தை உம்முடையது என்பதை எங்கள் இருதயங்களில் எழுதும். ஆளுகிற ஆசையை எங்களைவிட்டு எடுத்துப்போடும். நீர் அழைத்தவர்களை நாங்கள் தடைசெய்யாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.