பெறாமகளுக்குப் பெரியப்பா எழுதுவது

அன்பின் பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா போனில் சொன்னதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பகல் முழுக்கச் சாப்பாடு தண்ணியில்லாமல் ஒரே ஒபரேசனில் நின்றாயாம். வந்தும் படுக்காமல் அதையே கதைத்தாயாம். தைப்பொங்கலுக்கும் வரவில்லை. நீ அனுப்பிய படத்தில் கண்ணுக்குக் கீழே கருமை தெரிகிறது.

ஈரல் சத்திரசிகிச்சைக்குப் போவதா, யூரோலொஜிக்கு விண்ணப்பிப்பதா என்பது உன் தீர்மானம். நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் “யூரோலொஜியில் என்ன இருக்கு, கல்லும் மூத்திரமும்தானே” என்று சொன்னாயாமே, அது மனதில் தைத்துவிட்டது. ஐயாவின் பேத்தி அப்படிச் சொல்லலாமா?

ஐயாவின் இடப்பக்கத்தை உன் அப்பாவிடம் கேட்டுப்பார். முதுகிலிருந்து வயிற்றின் முன்பக்கம் வரை ஒரு வெட்டு. கடைசி விலாவிலும் ஒரு துண்டை எடுத்தார்கள். உள்ளே இருந்தது புளியங்கொட்டை அளவு கல். தசையும் நரம்பும் வெட்டுப்பட்டதில் அந்தப் பக்கம் கடைசிவரை பிதுங்கியே நின்றது. தோட்டம் முழுக்கத் தண்ணி இறைத்த மனிதர் ஒரு வாளி தூக்கவும் எங்களைக் கூப்பிட்டார். கல்லைப் போத்தலில் போட்டுக் காட்டிய டொக்டரிடம் வலியைச் சொன்னபோது, “கல்தான் போய்விட்டதே” என்றார். அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை, தெரியும். ஆனாலும் அந்தப் பதிலை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதனால்தான் ஜோன் விக்கமைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1927இல் சிச்செஸ்டரில் பிறந்தவர். லண்டன் பார்ட்ஸ் ஹொஸ்பிற்றலில் படித்து, புல்பிரைட் உதவியில் அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போய்வந்து, பார்ட்ஸிலேயே யூரோலொஜி சத்திரசிகிச்சையாளர் ஆனார். ஆரம்பத்தில் அவரும் பெரிய வெட்டுக்காரர்தான், அதிலும் கெட்டிக்காரர். இரத்தக் குழாயை இறுக்கி, சிறுநீரகத்தைக் குளிரவைத்து, அதைப் பிளந்து கல் எடுப்பார்கள். அந்த நேரத்தில் சிறுநீரகம் பழுதாகாமல் காப்பது எப்படி என்று இனோசின் என்ற மருந்தை வைத்து ஆராய்ந்தவர் அவர். பேரும் வந்துவிட்டது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தன்னுடைய அந்தக் கைத்திறனே தேவைப்படாத ஒரு வழியைத் தேடினார். எனக்கு அவரில் பிடித்தது அதுதான்.

1976இல் சுவீடனில் பெர்ன்ஸ்ட்ரொமும் ஜொகன்சனும் முதுகுத் தோலில் போட்ட சிறு துளைவழி சிறுநீரகக் கல்லை எடுத்திருந்தார்கள். விக்கம் எக்ஸ்-ரே நிபுணர் மைக்கேல் கெல்லட்டோடு சேர்ந்து அந்த முறையை லண்டனில் வளர்த்தார். எக்ஸ்-ரேயில் பார்த்து ஊசியைச் சிறுநீரகத்துக்குள் இறக்கி, அந்த வழியை ஒரு விரல் நுழையும் அளவுக்கு அகட்டி, குழாய்க் கமராவால் பார்த்துக் கல்லை உடைத்து எடுப்பது. பிறகு, 1980இல் மியூனிக்கில் தொடங்கிய அதிர்வலை முறையையும் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார். அதில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இருத்தி, வெளியிலிருந்தே கல்லை நொறுக்கினார்கள். வெட்டே இல்லை. ஐயாவை நினைத்துப் பார்.

1987 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் “புதிய சத்திரசிகிச்சை” என்று ஒரு கட்டுரை எழுதினார். பெரிய வெட்டுக்குக் கைதட்டுபவர்கள் சத்திரசிகிச்சையாளர்கள், நோயாளி வேண்டுவதோ இயன்ற அளவு சிறிய காயம் என்பது அதன் சாரம். நீ வாசிக்க வேண்டும், அவ்வளவு நீளமில்லை. அதோடும் ஓயவில்லை. இம்பீரியல் கல்லூரிப் பொறியியலாளர் பிரையன் டேவிஸோடு சேர்ந்து, புரொஸ்டேட்டைச் செதுக்கும் “புரொபொட்” என்ற இயந்திரத்தை 1991இல் நோயாளிகளிடம் பயன்படுத்தினார். இன்றைக்கு உங்கள் தியேட்டரில் நிற்கும் டாவின்சி ரோபோ அதற்குப் பல வருடம் பிந்தியது. விக்கம் 2017இல் காலமானார்.

பிள்ளை, நான் தலைமாட்டில் நின்று மயக்க மருந்து கொடுத்தவன். வெட்டியவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். விலாவுக்குக் கீழே வெட்டுப்பட்டவன் விழித்ததும் இருமப் பயந்து, பாதி மூச்சோடு தலையணையை இடுப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். மூச்சை இழுத்து விடாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும், விட்டால் உயிர் போகிற வலி. எத்தனை மணித்தியாலம் நின்றேன் என்று நீ சொல்லும்போது எனக்கு அந்த முகங்கள்தான் தெரிகின்றன. நோயாளி எத்தனையாம் நாள் எழும்பி நடந்தார் என்று நீ ஒரு தடவையும் சொன்னதில்லை. அதுதான் என் பயம். உன்னுடைய களைப்பையே நீ வேலைக்கு அளவுகோலாக வைத்துவிடுவாயோ என்று.

ஈரலிலும் இப்போது சிறு துளையால் செய்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் போனால் அப்படிச் செய்பவரிடம் போ. ஆனால் படிவம் நிரப்ப முன்னம், விடுமுறை எடுத்தாவது உங்கள் ஹொஸ்பிற்றல் கல் கிளினிக்கில் ஒரு பகல் இருந்து பார். வலியில் துடித்து வந்தவர் இரண்டு நாளில் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார். எக்ஸ்-ரே அறையில் வேலை செய்பவர்களோடும் கதை.

கனக்கச் சொல்லிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ எதை எடுத்தாலும் எங்கள் குடும்பத்துக்குப் பெருமைதான். ஈரல் என்றாலும் சரி, வேறெது என்றாலும் சரி, உன் கையில் வருகிறவர் கொடுத்துவைத்தவர். சின்னனில் பெரியம்மாவின் விரலில் ஏறிய முள்ளை நோகாமல் எடுத்தவள் நீ. எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வா. பெரியம்மா இடியப்பமும் மீன் சொதியும் வைக்கிறாளாம். ரயில் காசு நான் அனுப்புகிறேன், மறுக்கக் கூடாது. வந்து நல்லாகச் சாப்பிட்டுவிட்டு நித்திரை கொள். ஈரலா யூரோலொஜியா என்பதைப் பற்றி நீயாகத் தொடங்கினால் ஒழிய நான் ஒரு சொல்லும் எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
பெரியப்பா