ஆண் தேவையில்லை, அடங்கவும் மாட்டாது

அமெரிக்க, ஐரோப்பிய செல்லப்பிராணிச் சந்தைகளில் ‘மோர்னிங் கெக்கோ’ என்று விற்கப்படும் பல்லி, வாலோடு சேர்த்தே சுமார் 10 செ.மீ.தான். விலங்கியல் பெயர் லெபிடோடாக்டைலஸ் லூகுப்ரிஸ். பசிபிக் தீவுகளில் பரவலாக வாழ்கிறது, இலங்கையிலும் உண்டு. அதைப் பற்றிய பேச்சுகளில் பாதி கதை.

“ஆண் சேராத முட்டை பொரிக்காது.” கோழிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். அபூர்வமாக ஓர் ஆண் தென்பட்டாலும் அது பெரும்பாலும் மலடு. தனியே வளர்ந்த பல்லிகூட ஒரு வயதை ஒட்டி முட்டையிடத் தொடங்கிவிடும். ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை. இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சு.

“எல்லாம் ஒரே அச்சு.” தாயும் மகளும் அப்படித்தான். ஆனால் இரண்டு பல்லி இனங்களின் கலப்பில் உண்டான இந்த இனத்துக்குள் பல மரபு வரிசைகள் உள்ளன. சிலவற்றுக்கு 44 குரோமோசோம்கள், சிலவற்றுக்கு 66. முதுகுப் புள்ளிகளை வைத்து ஊகிக்கலாம், குரோமோசோமைக் கண்ணால் எண்ண முடியாது. ஆகவே, ‘அபூர்வ வரிசை’ என்று கூடுதல் விலை சொல்பவரிடம் அதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

“கழுத்தில் வெள்ளைக் கட்டி இருந்தால் நோய்.” இல்லை. முட்டை ஓட்டுக்காகச் சேர்த்துவைத்த சுண்ணாம்புச் சத்துதான் தோல்வழியே அப்படித் தெரிகிறது. வால் கோணி, தாடை தளர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது இன்னொன்று: “ஒன்று வாங்கினால் போதும், காலமெல்லாம் வருமானம்.” உங்களிடம் வாங்கியவரின் தொட்டியிலும் அடுத்த வருடம் குஞ்சுகள் இருக்கும். வாடிக்கையாளரே போட்டியாளராகும் வியாபாரம் இது. விலை எப்படி நிற்கும்? வேலையும் குறைவில்லை. இட்ட முட்டை கண்ணாடியில் ஒட்டி இறுகிவிடும், பெயர்த்தால் நொறுங்கும். காற்றுத் துளையுள்ள சின்ன டப்பியை அதன்மேல் கவிழ்த்து டேப் ஒட்டிக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பல்லிகள் குஞ்சைத் தின்றுவிடலாம். தப்பினால் மூடியின் இடுக்கு வழியே குஞ்சு வெளியேறிவிடும்; வாலை விட்டால் அதன் உடல் இரண்டு செ.மீ.தான்.

“பெருகிவிட்டால் தோட்டத்தில் விட்டுவிடலாம்.” கூடவே கூடாது. ஜோடி தேடவேண்டிய அவசியமில்லாத உயிருக்குப் புது ஊரில் குடியேற ஒரே ஒரு பல்லி போதும். மனிதரின் சரக்கோடு ஒட்டிக்கொண்டு கலாபகோஸ் தீவுகள் வரை போயிருக்கிறது. பசிபிக் நகரங்களின் விளக்கடியிலிருந்து இதை விரட்டியது ஆசியாவிலிருந்து போன வீட்டுப் பல்லி, நம் ட்யூப்லைட் ஓரத்தில் ஓடுகிற அதே வகை. வந்தேறிகள் செய்யும் வேலைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

வளர்க்கத்தான் வேண்டும் என்றால், வேண்டாத முட்டைகளை இட்ட ஓரிரு நாளிலேயே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: மிஞ்சும் குஞ்சுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?