அடிச்சுவடும் அடிசிலும்

முன்னுரை

பௌர்ணமிதோறும் எங்கள் ஊரின் வழியே எண்ணிலடங்காக் கால்கள் நடந்து செல்கின்றன. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலையே எங்கள் ஊர். மறுநாள் விடியலில் பாதையோரப் புழுதியில் அக்கால்களின் சுவடுகளைக் காணலாம். கண்ணுக்குத் தெரியாத வேறொரு சுவடும் உண்டு. அஃது ஒவ்வொரு வீட்டுச் சோற்றுப் பானையும் மண்ணிலும் நீரிலும் பதிப்பது. அதனைச் சூழலியல் அடிச்சுவடு என்பர்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரீஸ் 1992இல் இக்கருத்தை முன்வைத்தார். அவருடைய மாணவர் வாக்கர்நாகல் அதைக் கணக்கிடும் முறையை வளர்த்தார். ஒருவர் நுகர்வனவற்றை விளைவிக்கவும், அவற்றின் கழிவை ஏற்கவும் எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் வேண்டும் என்பதே அக்கணக்கு. பொருளியல் மாணவனாகிய நான் அதை எங்கள் வீட்டுப் பானையில் வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

அன்றைய உணவு

என் ஆயாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவர் சிறுமியாயிருந்த நாளில் காலையில் கம்பங்கூழ், இரவில் கேழ்வரகுக் களி. தொட்டுக்கொள்ள வேலியோரக் கீரை அல்லது மல்லாட்டைத் துவையல். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்பது வழக்கு. நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டுமே. அன்றைய தட்டில் உப்பைத் தவிர மற்றவை யாவும் மாட்டுவண்டி எட்டும் தொலைவில் விளைந்தவையே.

மாற்றம் வந்த வழி

1966இல் ஐ.ஆர்.8 நெல் வெளிவந்தது. கமலை ஓடிய கிணறுகளில் மின்மோட்டார்கள் வந்தன. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் இம்மாற்றத்தைக் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1973-74இல் ஊர் ஊராக ஆராய்ந்தனர் என்பது நம் மாணவர் அறிய வேண்டிய செய்தி. பின்னர் 2008இல் நியாயவிலைக் கடையில் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி கிடைத்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. திருநாள் உணவு அன்றாட உணவாயிற்று.

கணக்கு

ஒரு கிலோ அரிசி விளைய மழைநீரும் பாசன நீரும் சேர்ந்து ஏறத்தாழ 2,500 லிட்டர் செலவாகிறது என்பது உலகச் சராசரி. அதன்படி, மாதம் 20 கிலோ அரிசி வாங்கும் குடும்பத்தின் பானையில் 50,000 லிட்டர் நீர் மறைந்திருக்கிறது! கேழ்வரகுப் பயிருக்கோ நெல்லுக்கு வேண்டிய நீரில் பாதிக்கும் குறைவே போதும்.

நீர் தேங்கிய வயலில் காற்றுப் புகாத சேற்றினுள் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். புன்செய்ப் பயிரில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. உடல்நலத்திலும் இழப்பு உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்தான்.

எண்ணெயின் கதை இதனினும் வியப்பானது. மல்லாட்டைக்குப் பெயர்பெற்றது நம் மாவட்டம். ஆயினும் 2007 முதல் நியாயவிலைக் கடையில் கிடைப்பது பாமாயில். இந்தியா வாங்கும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா நாடுகளிலிருந்து கப்பலேறி வருகிறது. அங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காக மழைக்காடுகள் அழிக்கப்பட்டன. எங்கள் வீட்டு அப்பளம் பொரியக் கடல் கடந்த காடு விலை கொடுத்திருக்கிறது.

ஆயாவின் விடை

இக்கணக்கையெல்லாம் பெருமையுடன் ஆயாவிடம் படித்துக் காட்டி, “இனிக் களியே தின்போம்” என்றேன். அவர் சிரித்தார்.

“நீ தின்னுட்டுப் போயிடுவ கண்ணு. கேவுர யாரு அரைக்கறது? கோழி கூவறப்ப ஏந்திரக்கல்ல உக்காந்தா விடிஞ்சுதான் எழுந்திருப்பேன். அரிசி வந்தப்பறந்தான் என் கைக்கு ஓய்வு வந்துச்சு. அப்போ நெல்லுச் சோறு வேணும்னா ஆண்ட வூட்டு வாசல்ல போய் நிக்கணும். இப்ப என் கார்டுக்கு நானே வாங்கறேன்.”

என் கணக்கில் ஓர் இனம் விடுபட்டிருந்தது அப்போதுதான் விளங்கிற்று. நீரையும் நிலத்தையும் கூட்டிய நான், பெண்களின் கையுழைப்பையும் மானத்தையும் கூட்டவில்லை. மேலும், இந்தியர் ஒருவரின் சராசரி அடிச்சுவடு ஏறத்தாழ 1.2 ஹெக்டேர், அமெரிக்கர் ஒருவருடையது ஏறத்தாழ 8. புவி தாங்கக்கூடிய பங்கு தலைக்கு 1.6 அளவே. அளவுக்குள் வாழும் ஏழையின் சோற்றைச் சுட்டிக் குற்றம் கூறுதல் அறமாகாது.

முடிவுரை

எனவே அரிசியைப் பறிப்பது தீர்வன்று. தேர்வை விரிப்பதே தீர்வு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கிற்று. சாமை விளையும் சவ்வாதுமலையைத் தன்னகத்தே கொண்ட நம் மாவட்டத்துக்கும் அது வர வேண்டும். பாமாயிலுக்கு மாற்றாக நம் மல்லாட்டை எண்ணெய் கடையேற வேண்டும். சிறுதானியத்தை உமி நீக்கி அரைத்துத் தரும் பொறி ஊர்தோறும் அமைய வேண்டும்.

அப்போது களி மீண்டும் வரட்டும். ஏந்திரக்கல் மட்டும் வர வேண்டா. ஆயாவும் இதற்கு உடன்பட்டுவிட்டார்.